மூன்றாம் சாமம்

சிவராத்திரிக்கு லீவு எடுக்காத மிருக வைத்தியர்
திருகோணமலையில் நான் ஒருத்திதான்.
இரண்டரைக்கு ஃபோன்:
கோட்டைக்குள் ஒரு மான் மூச்சுக்கு இழுக்குதாம்.

ஆலமரத்தடியில் கிடந்தது. பெட்டை. சினை.
சிப்பாய் திலகசிறி என் தோளுக்கு மேலால்
டோர்ச் பிடித்தான்.
பிறை அவர் சடையில் இருந்திருக்கும்,
வானத்தில் இல்லை.
மலை உச்சி ஒலிபெருக்கியில் பிரசங்கியார்
பாற்கடலைக் கடைந்து கடைந்து
விஷம் வரைக்கும் வந்திருந்தார்.

வாயைப் பிளந்து விரலை விட்டேன்.
வழுக்கியது.
நீலம்.
சொப்பிங் பை.

இழுக்க இழுக்க வந்தது,
அரை முழம், ஒரு முழம்.
மடிப்புக்குள் வாழைப்பழத் தோல்,
கற்பூரப் பெட்டி மட்டை,
ஒரு அர்ச்சனைத் துண்டு:
ஆயிலியம், கடக ராசி.
பெயர் எச்சிலில் கரைந்திருந்தது.

பிறகு வரவில்லை.
இனி இழுத்தால் குடலும் கூட வரும்.
மற்றக் கையால் கழுத்தை இறுக்கிப் பிடித்தேன்,
மிச்சம் கீழே இறங்கிவிடாதபடி.

சரியாக அந்த நேரம் பிரசங்கியார்
அம்மையின் கையைப் பற்றிச் சொன்னார் என்று
எழுத ஆசைதான்.
சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது.
கீழே கடல் மட்டும்
பாறையில் தலையை மோதிக்கொண்டிருந்தது.

அவர் கையிலிருக்கும் மான்
எப்போதும் துள்ளியபடி
முகத்தைத் திருப்பி அவரையே பார்க்கும்.
ஏனென்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன்.
வேதம் என்றார் ஒருவர்.
அலைகிற மனம் என்றார் இன்னொருவர்.
தாருகாவனத்து முனிவர்கள் ஏவிவிட்ட கோபம்,
பிடித்து வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.
அதற்குப் பசிக்கும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

"மிஸ், குட்டி இருக்கா?"
"இருக்கு."
திலகசிறி டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பின்னங்கால்களை இரு கையாலும் அமத்தினான்.
அவனுக்கு இரண்டு, எனக்கு இரண்டு.
நாலு கை போதுமா என்று
யாரைக் கேட்பது.

எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன்.
மறுபடி விட்டேன்.
அதன் இதயம் என் முழங்காலில் அடித்தது,
யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல,
இரண்டு பேர் தட்டுவதுபோல.

கடைசித் துண்டு
ஒரு இருமலோடு வந்தது.
நீலத்தை ஏந்திக்கொண்டு நின்றேன்.
எங்கே போடுவது?
குப்பைத்தொட்டியில் போட்டால் திரும்பவும் தின்னும்.
கடலில் போட்டால் வேறொன்று தின்னும்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
நெஞ்சில் ஈரம் பரவியது.

மான் எழுந்தது. தள்ளாடியது.
நேரே போய்,
யாரோ சைக்கிளில் மாட்டிவிட்டுப் போன
இன்னொரு பையை முகர்ந்தது.
"ஏய்!" என்று கத்தினேன்.
அதே கணம் மலையில் நாலாம் சாமத்து மணி.

தலையைத் திருப்பியது.
எந்தச் சத்தத்துக்கு என்று தெரியவில்லை.