ஏழு தண்ணி

நான்காம் எண் அறையைக் காலி செய்தவர்
மேசைமேல் விட்டுப்போனது ரூபாய் இல்லை.
வெள்ளிநிறப் பொட்டலம். பின்பக்கம் பென்சிலில்
எண்பத்தைந்து, முப்பது.
முன்னது சூடு, பின்னது நொடி என்று பிடிபட
மூன்று இரவுப் பணி ஆயிற்று எனக்கு.

பிரித்தால்
ஆட்டுப் புழுக்கை கணக்காய்
பச்சை உருண்டைகள்.
"இதுக்கா ஊலாங்னு பேரு?" என்றார்
பம்ப் ஓட்டும் சேவுகமூர்த்தி.
கானாடுகாத்தானில் அப்போது மணி இரண்டு.
முகப்பு விளக்கும் நாங்களும்தான் விழித்திருந்தோம்.

முதலில் போர் தண்ணீர்.
கொதித்து ஆறினால் ஆடை கட்டுமே, அது.
ஒரு வாய். வெற்றிலை இல்லாத சுண்ணாம்பு.
துப்பாததற்கு மரியாதை தவிரக் காரணமில்லை.

சேவுகமூர்த்தி சைக்கிளில் போய்
ஒரு செம்பு ஊருணித் தண்ணீரோடு வந்தார்.
பருப்பு வேகவைக்க வீட்டில் எடுத்துவைத்தது.
"துவரம்பருப்பே இதுல மலருது,
இலை மலராதா?"

தெர்மாமீட்டர் கிடையாது.
குமிழ் அடங்கியபின்
கெட்டிலில் வைத்த விரல்
ஐந்து எண்ணும்வரை பொறுத்தால்
அதுதான் எண்பத்தைந்து என்று
நாங்களே சட்டம் போட்டுக்கொண்டோம்.

முதல் தண்ணியில் வாசனை மட்டும்.
இரண்டாம் தண்ணியில் மனோரஞ்சிதம்.
எந்தப் பழத்தை நினைத்தாலும் அதுவாய் மணக்கும் என்பார்களே,
நான் எதையும் நினைக்கவில்லை,
அப்படியும் மணத்தது.
"போய்யா, பயறு முளைகட்டின ஈரத்துணி" என்றார் அவர்.
ஒரே டம்ளரை மாறி மாறி மோந்து
கொஞ்சம் சண்டை.

மூன்றில் வெண்ணெய்.
பாலே ஊற்றாத டீக்குள் இது எப்படி என்று
டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தார்.

நான்காவது ஊறும்போது
இரண்டாம் எண் அறை ஏசி ரிமோட் கேட்டது.
ஓடிப்போய் வருவதற்குள் கசந்துவிட்டது.
அறையைத் திட்டினோம்.
பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல்
தொண்டைக்குள் ஏதோ தித்திக்க
திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

ஐந்தும் ஆறும் எப்படியிருந்தன, தெரியாது.
மோட்டார் காயில் எரிந்தது,
அவர் மகளின் நீட் மார்க்கு,
வராத என் பி.எஃப். பணம்,
அதிலேயே போயிற்று.

ஏழில் வெறும் ஊருணி மட்டும்.

இலையை எடுத்து மேசைக் கண்ணாடிமேல் விரித்தேன்.
ஒரே காம்பில் மூன்று இலை, உடையாமல்.
நடுவெல்லாம் பச்சை, ஓரம் மட்டும்
யாரோ பல்லால் கடித்தாற்போல் சிவப்பு.
எங்கோ ஒரு மலையில்
அதற்குமேல் சிவக்காதே என்று
அதைச் சரியான நேரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஒன்றை வாயில் போட்டு மென்றார்.
"உப்புப் போட்டா கீரைதான்."

ஆறு மணிக்கு நிலையத்துக் கடையில்
சர்க்கரை தூக்கலாய் ஆளுக்கொரு டீ குடித்தோம்.
அதுவும் நன்றாகவே இருந்தது.
"அந்தம்மா டிப்ஸ் எவ்வளவு?" என்றார் மாஸ்டர்.
விரல்விட்டு எண்ணத் தொடங்கினார் சேவுகமூர்த்தி.