சுட்ட செம்பு

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகும் ரோட்டில்
மோட்டார் ரீவைண்டிங் கடை, என்னுடையது.
கோடை வந்தால் கூட்டம்.
தண்ணீர் இறங்க இறங்க
மோட்டாரும் இறங்குகிறது,
வெறும் காற்றை இழுத்துப் புகைந்து
என் பட்டறைக்கு ஏறி வருகிறது.

கருகிய காயிலைத் தீயில் போட்டு
வார்னிஷ் போக எரித்து உருவுவேன்.
சுட்ட செம்பு பூனைவால் போல் குழையும்.
வளைத்த இடத்தில்தான் இறுகும்.
கிலோக் கணக்கில் காயலான் கடைக்குப் போனது போக
ஒரு கைப்பிடி
எனக்கு.

கடைக்கு மேலே, தகரக் கூரை ஓரம்,
ஏழு புளியமரங்கள்.
எதுவும் ஒரு சாணைத் தாண்டவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்
மங்கை கோதெடுத்த புளியில்
கொட்டை நாற்பது பொறுக்கினேன்.
சிமெண்டுத் தரையில் ஒரு முனை தேய்த்து
ராத்திரி ஊறப் போட்டேன்.
இருபத்தாறு முளைத்தது.
நாலை அணில் கிள்ளியது.
ஆறு தண்ணீர் அதிகமாகி அழுகியது, அது என் பிழை.
மூன்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன்.
மற்றதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

இரண்டாம் வருடம் ஆணிவேரை வெட்ட வேண்டும்.
பிளேடைத் தீயில் காட்டி
ஒரே இழுப்பு.
அடியில் உடைந்த ஓடு வைத்து
அதன்மேல் உட்கார வைப்பேன்,
பக்கவாட்டில் போ, கீழே ஒன்றுமில்லை என்று.
சுற்றிலும் குவாரிச் சல்லிக் குருணை,
தூசி போகச் சலித்த செங்கல்,
மண் கொஞ்சம்தான்.

திம்மராயன் மோட்டார் கொண்டு வந்த அன்று
அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.
மாந்தோப்புக்கு ஆயிரத்து நூறு அடி போட்டிருக்கிறார்.
இன்னும் இருநூறு அடி போகலாமா என்று
வீட்டில் நகையை நிறுத்துக்கொண்டிருந்த நேரம்.
"இதுக்குத் தண்ணி?"
"ஒரு டம்ளர். வெயில்னா சாயந்திரம் இன்னொண்ணு."
வெட்டி விழுந்த வேரை எடுத்து
விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.
"கீழ போறதைத்தானே வெட்டினே" என்றார்.
கேள்வியா என்று தெரியவில்லை.
ஸ்டேட்டரைத் தூக்கித் தராசில் வைத்தேன்.
வேறென்ன செய்ய.

ஒரு ஐப்பசியில் டெங்குவில் படுத்துவிட்டேன்.
நல்ல மழை.
மரம் பருத்தது, கம்பி பருக்கவில்லை.
எழுந்து மாடிக்கு வந்து பார்த்தால்
மூன்றாம் மரத்தின் இடுப்பில்
போல்ட் மறை போல் தழும்பு.
புதைந்த கம்பியை அவிழ்க்கக் கூடாது,
துண்டு துண்டாக நறுக்க வேண்டும்.
நறுக்கினேன்.
பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும்
அதைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

பொழுது சாய்ந்தால் ஏழும் இலை கூம்பும்.
எதிரே லாரி ஸ்டாண்டில் நிற்கும்
நாற்பதடிப் புளியமரமும்
அதே நேரத்துக்குத்தான்.

பங்குனியில் இலையெல்லாம் கத்தரிப்பேன்.
பதினைந்து நாள் மொட்டையாக நிற்கும்.
பிறகு வருவது பாதி அளவு இலை.
இந்த வருடம் மூன்றாம் மரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.
காரணம் எதுவுமில்லை, சோம்பல்.

இந்தக் கார்த்திகையில் அது காய்த்திருக்கிறது.
ஒரே ஒரு காய்.
இலையைச் சிறிதாக்கத் தெரிந்தது எனக்கு,
காயை அல்ல.
நடுவிரலைவிட நீளம்,
லாரி ஸ்டாண்டு மரத்துக் காய்க்குச் சமம்.
அது தொங்குவது
மூன்று வருடம் கம்பி போட்டும் இறங்காத கிளையில்.
இப்போது இறங்குகிறது,
நாளுக்கு ஒரு நெல் அளவு.

மங்கை முட்டுக் கொடுக்கச் சொல்கிறாள்.
குச்சி நறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு
மூன்று நாளாக
மாடி ஏறி இறங்குகிறேன்.