எதை ஒட்டுவது

தள்ளுவண்டியின் இரண்டாவது இழுப்பறையில்
ஐந்து விதம்.
வெறும் காஸ்.
நடுவில் பஞ்சு வைத்த வெள்ளைப் பட்டை.
கண்ணாடிபோல் உள்ளே தெரியும் படலம்.
வெள்ளி கலந்த சாம்பல் துண்டு.
ஐந்தாவது, உறிஞ்சுகுழாயோடு வரும் சின்னப் பெட்டி;
அதைத் தொட மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

பதினான்காம் படுக்கை மரகதவல்லிக்கு
ஈசூனில் ரொட்டிக் கடை.
வயது அறுபத்தொன்று,
காலைச் சர்க்கரை பதினொன்று புள்ளி நான்கு.
நெஞ்செலும்பை நெடுக அறுத்துக்
கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.
"கோழி பொளக்கிற மாதிரியா?" என்றார்.
இல்லை என்று சொல்லத்தான் பயிற்சி.
"கிட்டத்தட்ட" என்றேன்.
சிரிப்பு வலித்திருக்க வேண்டும்,
தலையணையை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

போன மாதம் வார்டில் ஒரு கூட்டம்.
எந்தக் கட்டு கிருமியைத் தடுக்கும் என்று
டாக்டர் லிம் முப்பது பக்கம் திரையில் ஓட்டினார்.
கடைசிப் பக்கத்தில் ஒரே வரி:
உறுதியாகச் சொல்வதற்கில்லை.
பிறகு கரிபாப், கோப்பி.
உறுதி இல்லை என்பதற்காக
யாரையும் திறந்த நெஞ்சோடு விட முடியுமா?

"இந்தப் படலம் போடவா அக்கா?
பிரிக்காமலே பார்க்கலாம்,
சிவக்குதா, கசியுதான்னு."
"நீ பார்ப்பே.
குனிஞ்சா நானும்ல பார்க்கணும்."
பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.
படலத்துக்கு இரண்டு பக்கம் உண்டென்று
யாரும் சொன்னதில்லை.

சாம்பல் துண்டைக் காட்டினேன்.
"வெள்ளியா? பில்லுல ஏறுமா?"
"ஏறும்."
"அப்ப உள்ளயே வை."

உண்மையில் சிக்கல் வேறு.
மார்பு மடிந்து தொங்கும் இடத்தில்
ஏர்கானையும் மீறிய வியர்வை.
அதற்கு மகள் ரகசியமாகக் கொண்டுவந்த
வேர்க்குருப் பவுடர்.
மாவு தூவிய பலகையில்
எந்தப் பசை நிற்கும்?
ஆய்வுகள் எதை ஒப்பிட்டாலும்
கிருமி படித்துப் பார்ப்பதில்லை;
ஓரத்தில் ஓர் அரிசி அகலம்
திறந்திருந்தால் போதும்.

உப்புநீரால் துடைத்தேன்.
காயட்டும் என்று நின்றேன்.
மரிசெல் வந்து மணியைப் பார்த்துவிட்டுப் போனாள்.
இன்னும் காயட்டும்.
கடைசியில் வெள்ளைப் பட்டையைத்தான் எடுத்தேன்.
நடுவில் வைத்து வெளியே அழுத்திக்கொண்டு போக,
விட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்:
"ரொட்டியும் அப்படித்தான்,
நடுவுலேர்ந்து ஓரத்துக்கு.
ஆனா அந்தக் கீழ் மூலை எழும்பும் பாரு."

எழும்பாது என்றேன்.
பவுடர் டப்பாவைக் கேட்டேன்.
அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

காலை ஏழு மணி.
கீழ் மூலை, நகம் அளவு, எழும்பியிருந்தது.
பிரித்தேன்.
தையல் காய்ந்திருந்தது, சுற்றிலும் சிவப்பில்லை,
தொட்டால் சூடில்லை.
"என்ன?" என்றார், குனியாமல்.
"நல்லா இருக்கு."
"மூலை?"
கையுறையை மாற்றிக்கொண்டு
இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன்.