நூற்றுக்கு இரண்டு

ஆறாவது வில்லையும் வெடித்துத்தான் வந்தது.
உலைக் கதவைத் திறந்த ஜெஸீல்
ஒன்றும் சொல்லாமல் இடுக்கியை என்னிடம் நீட்டினார்.
இரண்டு ரூபாய்க் குற்றியளவு வெள்ளை,
குறுக்கே மயிரிழையாய் ஒரு கோடு.

கண்ணாடித் தூளும் அலுமினாவும் கலந்து
எண்ணூற்றைம்பது பாகையில் சுட்ட பீங்கான் இது.
இதன் முதுகில் ஒருநாள் சிலிக்கன் சில்லொன்று குடியேறும்.
சில்லு சூடேறி ஒரு நூல் விரிந்தால்
இதுவும் ஒரு நூல்தான் விரியவேண்டும்.
கூடினாலும் வழக்கு, குறைந்தாலும் வழக்கு.
பாலமுனைப் பக்கம் மதகில் பார்த்திருப்பீர்கள்,
தாரும் கொங்கிறீற்றும் உச்சி வெயிலில்
ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடப்பதை.

என் வில்லையின் குற்றம் வேறு.
உள்ளே காற்று.
மணிக்கும் மணிக்கும் நடுவே
யாரும் உட்காராத இடங்கள்.

கல்முனையில் ஏறி ஒலுவிலில் இறங்குகிற எனக்கு
இது விளங்க இத்தனை மாதம் எடுத்திருக்கக் கூடாது.
சாய்ந்தமருதில் பஸ் நிரம்பிவிடும்.
காரைதீவில் ‘உள்ளுக்கு, உள்ளுக்கு’ என்று
கண்டக்டர் தகரத்தைத் தட்டுவான்.
நிந்தவூரில் ஏறும் பள்ளிப் பிள்ளைகள்
பெரியவர்களின் முழங்கைக்குக் கீழே,
மரக்கறிப் பைக்கும் மடிக்கும் இடையே
எங்கேயோ போய்ச் செருகிக்கொள்வார்கள்.
பஸ் ஓர் அங்குலமும் பெருத்திருக்காது.

நானோ சிலிக்காவும் அப்படித்தான்.
மயிரொன்றை ஐயாயிரமாய்ப் பிளந்தால்
அதில் ஒரு சிம்பு.
நூற்றுக்கு ஒன்று போட்டேன், வில்லை இறுகியது.
இரண்டு போட்டேன். தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தபோது
தராசு முதன்முறை என் பக்கம் பேசியது.
பேராசையில் மூன்று.

மூன்றில் எல்லாம் குட்டிச்சுவர்.
கடற்காற்றின் ஈரம் குடித்த தூள்
ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டது,
ஒரே வகுப்புப் பொடியன்கள் பத்துப் பேர்
தோளில் கைபோட்டு மிதிபலகையில் நிற்பதுபோல.
உள்ளே இடமிருக்கிறது.
வாசல் அடைபட்டுக் கிடக்கிறது.

பிறகு மீயொலித் தொட்டி.
ஸ்பிரிட்டில் இட்டு நாற்பது நிமிடம் உலுக்க
வினோபிகா காதைப் பொத்திக்கொண்டு
மணிக்கூட்டைப் பார்த்து நின்றாள்.
உலர்த்திய தூளைக் காற்றுப் படாமல் கட்டி வைத்தோம்.
ஒருநாள் அறுநூறில் உலை நிற்கையில் கரண்ட் போனது.
அந்த வில்லையைப் பற்றி
நான் எங்கும் எழுதப்போவதில்லை.

பேராதனைக்கு அனுப்பிய இருபத்தெட்டாம் வில்லையின் படம்
மூன்று கிழமை கழித்து
பஸ்ஸுக்குள் வைத்துத்தான் வந்தது.
கையில் சுட்டது போன்.
அதற்குள்ளும் எங்கோ இப்படியொரு வெள்ளைத் தட்டு,
யார் சுட்டதோ, எத்தனை வெடித்த பிறகோ,
சில்லின் சூட்டை வாங்கி
வெளியே கடத்திக்கொண்டிருக்கும்.

இரண்டு விரலால் படத்தை விரித்தேன்.
மணிகளுக்கு நடுவே கருமை இல்லை.
தேடினேன்.
இடது மூலையில் இரண்டு துளை,
இன்னும் ஆளில்லாமல்.

‘தங்கச்சி, போனைப் பிறகு பாருங்க,
கொஞ்சம் உள்ளுக்குப் போங்க’ என்றான்.
போனேன்.
இடமிருந்தது.