தொடாதே

பள்ளிக்கரணை. மழை விட்ட இரவு.
யுபிஎஸ் கீச்சிடுகிறது.
நானூற்றுப் பன்னிரண்டு துண்டு நிரல்கள்;
பாதிக்கு ஒரே பெயர், ‘புதுசு’.
மிச்சத்தில் ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘சத்தியமாகக் கடைசி’.

தேதி திருத்துவதை ஒரு பெட்டியில்,
கொம்பு பிரியாமல் ‘கொ’ அச்சாவதை இன்னொன்றில்
போட்டுக்கொண்டே வந்தேன்.

இருதயமேரியின் பதினோரு வரி
எதிலும் அடங்கவில்லை.
தலையில் குறிப்பு:
‘ஏன் ஓடுகிறதென்று தெரியாது. தொடாதே.’
கீழே வேறு வேறு ஆட்கள்:
‘தொட்டேன். நின்றுவிட்டது.’
‘நானும்.’
‘மன்னிக்கவும், நானும்.’

ஆறாம் வரியில்
ஓர் அரைப்புள்ளி உபரியாக நிற்கிறது.
என் விரல் அழிப்பு விசைமேல்.

சதுப்பில் தவளைகள்
நிறுத்தும் நிபந்தனை எழுதாத சுழற்சியில்
கத்திக்கொண்டிருக்கின்றன.

விடியுமுன் ஒரு புதுப் பெட்டி.
பெயர் கேட்டது.
‘நானும்’
என்று தட்டினேன்.