தேதி

துலூத்தில் ஏரி இன்னும் உறையவில்லை.
துறைமுக ஆபீஸின் காப்பீடு கையில் இருக்கும்போதே
கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டாள் மார்லிஸ்.
கண்ணாடியும் புதிது:
பழுது பார்க்கும் படகில்
விரிசல் தெரிய வேண்டுமே.

எட்டு மாதமாக அவள் சம்பளத்தைத் தொடவில்லை.
என் ஒற்றைச் சம்பளத்தில் வாழ்ந்து பார்த்தோம்.
ஏரி மீன், உருளைக்கிழங்கு, மறுபடி ஏரி மீன்.
என் தலைமுடியை அவளே வெட்டினாள்;
இடது காதருகே இன்னும் ஆறவில்லை.

கார்க் கடன் தீர்ந்த இரவு
கொண்டாட எதுவும் வாங்கவில்லை.
நிலவறையில் பழைய கொதிகலன் முனகியது.
அதன் சாவுக்கும் ஓர் உறையில்
பணம் வைத்திருக்கிறாள்.
என் பயத்துக்குத்தான் உறை இல்லை.

ராஜினாமாக் கடிதம்
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் அடியில்,
தேதியில்லாமல் தொங்கியது மாதக்கணக்கில்.
இன்று பால் எடுக்கப் போனேன்.
வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தது,
பென்சிலில்.

பால் ஞாயிறுவரை தாங்கும்.