மலை இடப்பக்கம்

எங்கள் ஊரில் கடல் ஒன்றுதான்.
அது கிழக்கு.
தூத்துக்குடியில் வழி தப்புவது கஷ்டம்.
உப்புக் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது
என்று பார்த்தால் போதும்,
வீட்டுக்குப் போய்விடலாம்.

சேலத்தில் விடிகாலை ஐந்தரைக்கு இறங்கினேன்.
புது பஸ் ஸ்டாண்டு.
எந்த வருஷத்துப் புதிது என்று தெரியவில்லை,
தூண்களெல்லாம் வெற்றிலைக் காவியேறிப் பழுத்திருந்தன.
தோளில் பை. பைக்குள் மரப்பெட்டி.
பெட்டிக்குள் நீல வெல்வெட்டில்
முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல்.
கை படக்கூடாது, வியர்வைக்கும் எடை உண்டு.
தராசுகள் பொய் சொல்கின்றனவா என்று
ஊர் ஊராகப் போய் விசாரிப்பது என் உத்தியோகம்.

செவ்வாய்ப்பேட்டைக்கு எப்படிப் போகணும்ணே?

"அஞ்சு ரோடு போற வண்டில ஏறிறாதீங்க"
என்றார் டீ ஆற்றியவர்.
"நாலு ரோட்ல இறங்கி மாறலாம்"
என்றாள் பூக்கட்டுகிறவள்.
"எதுக்கு, மூணு ரோட்ல இறங்கட்டும்"
என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
ஐந்து, நான்கு, மூன்று.
ராக்கெட் ஏதோ கிளம்பப்போகிறது போலிருந்தது.
ரெண்டு ரோடு எங்கே என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
செல்போன் கோபுரத்துக்குப் பின்னால்
நனைந்த சிமென்ட் நிறத்தில்
நெற்றியில் ஒரு கோடு மேகத்தோடு.
"அதுவா, ஏற்காடுங்க."
போதும். கடல் மாதிரி ஒன்று கிடைத்துவிட்டது.
மலை இடப்பக்கம் இருக்கப் போகணும்,
வலப்பக்கம் இருக்கத் திரும்பணும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை.
கண்டக்டர் பூஜ்யம் அச்சடித்த சீட்டைக் கிழித்துத் தந்தார்.
தப்பினாலும் நஷ்டமில்லை என்ற தைரியத்தில்
தப்பினேன்.
"செவ்வாய்ப்பேட்டையா? அது போயி எவ்வளவு நேரமாச்சு!"
ஊரே என்னை விட்டுக் கிளம்பிப் போய்விட்டதுபோல் சொன்னார்.

கொண்டலாம்பட்டி.
மலை அங்கேயும் இருந்தது.
கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் கிட்டத்தில்.
விசுவாசமான மலை என்று நினைத்தேன்.
அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு
இருபது நிமிடம் நடந்தேன்.
எங்கோ ஜவ்வரிசி ஆலை, புளித்த காற்று
இரண்டு கன்னத்திலும் அடித்தது.
ஒரு கிலோ மூன்றாகியிருந்தது.

ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு நின்றது.
முதுகில் 'சிக்கந்தர்' என்று பச்சை எழுத்து.
"ஏனுங்க, எங்க போறீங்க?"
சொன்னேன். மலைக் கணக்கையும் சொன்னேன்.
"எந்த மலை?"
என்று கேட்டவர் இஞ்சினை அணைத்தார்.
சிரிப்பதற்காக அல்ல, விளக்குவதற்காக.
"இது ஜருகுமலை.
அங்க மொட்டையாத் தெரியறது கஞ்சமலை.
நீங்க காலைல பார்த்தது சேர்வராயன்.
அதுக்கு இந்தாண்ட நகரமலை இருக்கு,
அது இங்கிருந்து தெரியாது.
ஊரே ஒரு சட்டிங்க.
நடுவுல நாம வேகறோம்."

மீட்டர் போடவில்லை. எண்பது என்றார், எழுபது வாங்கினார்.

கொலுசுப் பட்டறையில் அர்த்தநாரி
தராசைத் துடைத்து வைத்திருந்தார், மாப்பிள்ளை வீட்டாருக்குப்போல.
கையுறை மாட்டி எடைக்கல்லை வைத்தேன்.
ஒன்றரைக் கிராம் கூடக் காட்டியது.
அவர் பதறவில்லை.
"வெள்ளி வாங்குறதும் இதுலதான்,
கொலுசு குடுக்குறதும் இதுலதான்.
தப்புக்குத் தப்பு கழிஞ்சிரும்ல?"

பதில் எனக்குத் தெரியும்.
பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தந்தது.
ஆனாலும் ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
வந்த வழியிலேயே தப்பாகத் திரும்பினால்
நானும் சரியாகப் போய்ச் சேர்ந்திருப்பேனா?

பிறகு திருத்தினேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.
அவர் தட்டுவடை செட் வாங்கிவரச் சொன்னார்,
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தியது.

சாயங்காலம் மதுரை வண்டி.
ஜன்னலில் ஒரு மலை வந்தது,
காலையிலிருந்து பார்த்த எதுவுமில்லை.
பெயர் கேட்கலாமென்று திரும்பினேன்.
பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டிருந்தார்,
அவருடைய தலை மெல்ல என் பெட்டியின் மேல் சாய்ந்தது.
எழுப்பவில்லை.

இருட்டும்வரை
அது இடப்பக்கமே இருந்தது.